எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 122, ரிப்போர்ட்ல நல்லாத்தான் இருக்குன்னு போட்டிருந்தது, 43 வயசுல அட்டாக். நமக்கு அளவுகோல் வேறயா?

ஒத்தையடிப்பாதை:
கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. என் அண்ணனுக்கு 43 வயசு. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி விடியக்காலைல நெஞ்சு எரியுதுன்னு எழுந்து உக்காந்திருக்கான், கேஸா இருக்கும்னு ரெண்டு டம்ளர் வெந்நீர் குடிச்சிட்டு திரும்ப படுத்துட்டான். ஆறு மணி வாக்குல தாடை வலிக்குது, இடது கை கனக்குதுன்னு சொன்னப்பதான் அண்ணி எனக்கு போன் பண்ணாங்க. ஓடினோம். ஆஞ்சியோ முடிஞ்சதும் டாக்டர் என்னை உள்ள கூப்பிட்டு ஸ்க்ரீன்ல காட்டினார், டை போட்டதும் கறுப்பா இறங்கி வந்த கோடு ஒரு இடத்துல நூல் மாதிரி மெலிஞ்சு அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஸ்டென்ட் வச்சாங்க, இப்ப நல்லா இருக்கான்.

என் கேள்வி இதுதான். அஞ்சு மாசத்துக்கு முன்னாடிதான் அவன் லிப்பிட் ப்ரொஃபைல்னு ரத்தக் கொழுப்பு டெஸ்ட் எடுத்திருந்தான். டோட்டல் கொலஸ்ட்ரால் 189, நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைட்ங்கிற இன்னொரு கொழுப்பு 165, எல்டிஎல் 122. எல்டிஎல் பக்கத்துல "நியர் ஆப்டிமல்"னு அச்சடிச்சிருக்கு. சிகரெட் இல்ல, குடி இல்ல, பார்க்கவும் ஒல்லிதான். அந்த ரிப்போர்ட்ட ரெண்டா மடிச்சு பீரோல வச்சுட்டு நிம்மதியா இருந்தான். அட்டாக் அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரில எடுத்தப்ப எல்டிஎல் அதவிட கம்மி, 101தான். சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு கொலஸ்ட்ரால்ங்கிறதே பொய்யின்றாங்க, மீதிப் பேரு நம்ம ரத்தமே அப்படித்தான் தலையெழுத்துன்றாங்க. எனக்கு ரெண்டுமே ஒப்பல. தெரிஞ்சவங்க விளக்குங்க.

மைக்ரோஸ்கோப்:
தம்பி, முதல்ல அண்ணன் பொழைச்சு வந்தாரே அதுவே பெருசு. நான் லேப்ல 17 வருஷமா இருக்கேன், எனக்குத் தெரிஞ்ச பக்கத்த மட்டும் சொல்றேன். அந்த 101ஐ கணக்குல எடுக்காதீங்க. அட்டாக் வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள்லயே எல்டிஎல் இறங்க ஆரம்பிச்சிடும், உடம்பு அவ்வளவு பெரிய அடியில இருக்கும்போது அப்படித்தான் ஆகும், அது கொஞ்ச வாரத்துக்கு அவரோட நிஜ அளவு கிடையாது. ரெண்டாவது, ரிப்போர்ட்ல வலது பக்கம் அச்சாகி வர்ற வரி, 100க்குக் கீழ ஆப்டிமல், 129 வரை நியர் ஆப்டிமல், 159 வரை பார்டர்லைன், இதெல்லாம் 2001ல அமெரிக்காவுல வந்த ஒரு வழிகாட்டுதல்ல இருந்து எடுத்தது. மெஷினுக்கு உங்க அண்ணன் யாருன்னு தெரியாது, 25 வயசுப் பொண்ணுக்கும் 70 வயசு சுகர் பேஷண்ட்டுக்கும் அதே வரியத்தான் அடிக்கும். டாக்டர் பார்த்து முடிவு சொல்றதுக்காக இருக்கிற வரிய ஜனங்க பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கிறாங்க, அதான் எனக்கு தினமும் வயித்தெரிச்சல்.

இன்னொண்ணு, நீங்க குடுத்த நம்பரையே வச்சு ஒரு கழித்தல் போடுங்க. டோட்டல் 189ல ஹெச்டிஎல் 34 போனா 155. இதுக்கு நான்-ஹெச்டிஎல்னு பேரு. குழாய் சுவர்ல போய் ஒட்டக்கூடிய அத்தனை கொழுப்புத் துகளும் அந்த 155க்குள்ள அடங்கும். பொதுவா எல்டிஎல்லுக்கு வைக்கிற இலக்கோட 30 கூட்டினா நான்-ஹெச்டிஎல் இலக்கு, அதாவது 100ன்னா 130. அவரோடது 155. ஹெச்டிஎல் 34 வேற, ஆம்பளைக்கு 40க்குக் கீழ போனாலே குறைவுன்னு கணக்கு. அந்தத் தாள்லயே சேதி இருந்திருக்கு, எல்லாரும் ஒரே ஒரு வரியத்தான் பார்த்திருக்கீங்க.

பனிக்காலம்:
அக்கா சொன்னதுக்கு நானே சாட்சி. என்னோடது டோட்டல் 198, ஹெச்டிஎல் 36, ட்ரைகிளிசரைட் 310. லேப் ரிப்போர்ட்ல எல்டிஎல் சரியா 100. சந்தோஷமா இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது நிறைய இடத்துல எல்டிஎல்ல நேரடியா அளக்கவே மாட்டாங்க, 1972ல வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்னு ஒண்ணு, ட்ரைகிளிசரைட்ட அஞ்சால வகுத்து, டோட்டல்ல இருந்து அதையும் ஹெச்டிஎல்லையும் கழிச்சிடறதுன்னு. 310ஐ அஞ்சால வகுத்தா 62. 198ல இருந்து 36, 62 ரெண்டும் போனா 100. அதாவது என் ட்ரைகிளிசரைட் ஏற ஏற எல்டிஎல் தாள்ல அழகா இறங்கிட்டே வரும்! நான்-ஹெச்டிஎல் பார்த்தா 162. டாக்டர் ஏபோ-பி எடுக்கச் சொன்னார், 121 வந்துச்சு, அப்பதான் எனக்கு உறைச்சுது.

ஒத்தையடிப்பாதை:
அக்கா ரொம்ப நன்றி, இந்தக் கழித்தல யாருமே எங்களுக்குச் சொல்லல. ஏபோ-பின்னா என்னங்க?

நாடித்துடிப்பு:
நான் மருத்துவர், இதய நிபுணர் இல்ல, பொது மருத்துவம். ஏபோ-பிங்கிறது ஒரு புரதம். ரத்தக்குழாய்க்குள்ள நுழைஞ்சு அடைப்ப உண்டாக்குற ஒவ்வொரு துகள் மேலயும் அது சரியா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதனால ஏபோ-பிய எண்ணினா துகளையே எண்ணின மாதிரி. எல்டிஎல் கொலஸ்ட்ரால்ங்கிறது அந்தத் துகளுக்குள்ள இருக்கிற சரக்கோட எடை. ஒரு ரோட்ல போற லாரிங்கள்ல மொத்தம் எத்தனை டன் சரக்கு போகுதுன்னு பார்க்கறீங்களா, எத்தனை லாரி போகுதுன்னு பார்க்கறீங்களா? ரத்தக்குழாய்க்கு சேதம் முக்கியமா அந்த லாரி எண்ணிக்கையாலதான். தெற்காசியர்கள்ல நிறைய பேருக்கு துகள் சின்னதா, அடர்த்தியா, எண்ணிக்கை கூடுதலா இருக்கும், சரக்கு எடை மட்டும் மத்தவங்க மாதிரியே இருக்கும். அதனாலதான் எல்டிஎல் பார்க்க சாதாரணமா தெரியுது.

நமக்கு அளவுகோல் வேறயான்னு கேட்டீங்க. அந்த அளவுகோல் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். 1948ல அமெரிக்காவுல ஃப்ரேமிங்காம்னு ஒரு சின்ன ஊர்ல 5,209 பேர வச்சு ஆரம்பிச்ச ஆய்வுதான் கொலஸ்ட்ரால், பிபி, சிகரெட் மூணும் இதயத்துக்கு ஆகாதுன்னு உலகத்துக்கே நிரூபிச்சுது. மகத்தான வேலை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த 5,209 பேரும் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரங்க. அதுக்கப்புறம் வந்த, அட்டாக் வர்ற வாய்ப்ப கணக்குப் போடற ரிஸ்க் கால்குலேட்டர் பெரும்பாலும் அந்த மாதிரி கூட்டத்து மேல கட்டினது. இங்கிலாந்துல யுகே பயோபேங்க்ங்கிற பெரிய ஆய்வுல சுமார் 8,000 தெற்காசிய வம்சாவளிக்காரங்களையும் நாலரை லட்சம் ஐரோப்பியர்களையும் ஏறக்குறைய 11 வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2021ல வெளியிட்டாங்க. இதய நோயோ ஸ்ட்ரோக்கோ வந்தது ஐரோப்பியர்கள்ல 4.4 சதவீதம், தெற்காசியர்கள்ல 6.8. வயசு, ஆண் பெண் வித்தியாசத்த சரிக்கட்டிப் பார்த்தா ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பிபி, சுகர், வயித்துக் கொழுப்பு எல்லாம் சேர்த்துக் கழிச்சாலும் வித்தியாசம் முழுசா மறையல.

சீக்கிரமா வர்றதும் உண்மைதான். 52 நாட்டுல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல முதல் அட்டாக் வர்ற சராசரி வயசு தெற்காசியாவுல 53, மத்த நாடுங்கள்ல 58.8. அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது, அதையும் சேர்த்தே படிக்கணும். அந்த ஆறு வருஷ வித்தியாசத்துல பெரும்பகுதிக்குக் காரணம் நம்மகிட்ட சின்ன வயசுலயே சேர்ந்துடற வழக்கமான ஆபத்துக் காரணிங்கதான், ஏதோ மர்மம் இல்ல.

உங்க அண்ணனுக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சுகர் சராசரி, எவ்வளவு? லைப்போபுரோட்டீன்-ஏன்னு இன்னொரு கொழுப்புத் துகளுக்கான டெஸ்ட் எடுத்தாங்களா? லேப்ல "எல்பி ஸ்மால் ஏ"ன்னு கேட்டா தெரியும்.

ஒத்தையடிப்பாதை:
ஹெச்பிஏ1சி 6.1 டாக்டர். சுகர் இல்லன்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. எல்பி ஸ்மால் ஏ எடுக்கல, கேள்விப்பட்டதும் இல்ல.

நாடித்துடிப்பு:
6.1ங்கிறது சுகருக்கு முந்தின நிலை. வாசல்ல நிக்குது, இன்னும் உள்ள வரல, அவ்வளவுதான். குழாய்க்கு சேதம் வாசல்ல நிக்கும்போதே ஆரம்பிச்சிடும். எல்பி ஸ்மால் ஏ கண்டிப்பா எடுங்க, அவருக்கு மட்டும் இல்ல உங்களுக்கும் சேர்த்து.

கருவேலம்:
டாக்டர் தப்பா நெனைக்காதீங்க, மனசுல பட்டத கேட்கறேன். எங்க அப்பா கொலஸ்ட்ரால் 240 வச்சுக்கிட்டு 84 வயசு வரைக்கும் நடமாடினார். இந்த சகோவோட அண்ணனுக்கு 189, 43லயே அட்டாக். அப்ப கொலஸ்ட்ராலுக்கும் அட்டாக்குக்கும் சம்பந்தம் இல்லன்னுதானே ஆகுது? மாத்திரை விக்கறதுக்காக நம்பர வருஷா வருஷம் இறக்கிட்டே வர்றாங்கன்னு நிறைய பேரு எழுதறாங்க, அதுல நியாயம் இல்லையா?

எண்ணும்எழுத்தும்:
கருவேலம் அண்ணே, புள்ளியியல் படிச்சவன்ங்கிற முறையில சொல்றேன். நீங்க ரெண்டு பேர ஒப்பிடறீங்க, சந்தேகம் வர்றது நியாயம். இதையே ஆயிரக்கணக்கான பேர்ல பார்த்தவங்க இருக்காங்க. ஏழு நாடுகள் ஆய்வுன்னு 1958ல ஆன்செல் கீஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆரம்பிச்சது, அமெரிக்கா, ஃபின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான். 25 வருஷம் கழிச்சு கணக்கெடுத்தாங்க. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் கொலஸ்ட்ரால் ஏற ஏற இதய நோய்ச் சாவும் ஏறிச்சு, ஏறுற வேகமும் அனேகமா ஒரே மாதிரிதான். ஆனா ஆரம்பிக்கிற படிக்கட்டு வேற. டோட்டல் 210ன்னு ஒரே அளவுல நிக்கிறவங்கள எடுத்தா, ஜப்பான்லயும் தெற்கு ஐரோப்பாவுல மத்தியதரைக் கடலோரத்துலயும் 25 வருஷத்துல இதய நோயால செத்தது 4, 5 சதவீதம். வட ஐரோப்பாவுல சுமார் 15. அதே 210! அதனால கொலஸ்ட்ராலுக்கு சம்பந்தம் இல்லன்னு சொல்ல முடியாது, கொலஸ்ட்ரால் மட்டும்தான்னும் சொல்ல முடியாது. இந்த இழையில பேசறது மொத்தமும் அந்த நடுவுல இருக்கிற விஷயம்தான்.

நாடித்துடிப்பு:
அருமையா சொன்னீங்க. கருவேலம் ஐயா, மருந்துக் கம்பெனி சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி சொல்றேன். மனுஷன் செஞ்ச சோதனை இல்ல, பிறப்புலயே நடந்த சோதனை. பிசிஎஸ்கே9னு ஒரு ஜீன். அது கல்லீரல் செல்லு மேல எல்டிஎல்ல பிடிச்சு உள்ள இழுக்கிற கொக்கிய அழிச்சிடும். 2006ல ஜோனதன் கோஹென், ஹெலன் ஹாப்ஸ் குழு அமெரிக்காவுல பார்த்தப்ப, கறுப்பினத்தவர்கள்ல 2.6 சதவீதம் பேருக்கு அந்த ஜீன் பிறவியிலயே பழுது. பழுதுன்னா இங்க நல்லது, கொக்கி அழியாம நிலைச்சு நிக்குது. அவங்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் கம்மி. இதய நோய் எவ்வளவு கம்மி தெரியுமா, 88 சதவீதம்! அவங்கள்ல நிறைய பேருக்கு பிபி இருந்துச்சு, சிகரெட் இருந்துச்சு, சுகர் இருந்துச்சு, அதையும் மீறி. ஒரு மாத்திரை கூட சாப்பிடாம, பொறந்ததுல இருந்து எல்டிஎல் கம்மியா இருந்ததாலேயே கிடைச்ச பாதுகாப்பு அது. நான் படிச்சதுலயே என்னை அசைச்ச கட்டுரை.

இதுல இருந்து இன்னொண்ணும் புரியும். 50 வயசுல எல்டிஎல் எவ்வளவுன்றது மட்டும் கணக்கு இல்ல, எத்தனை வருஷமா எவ்வளவு ஓடிட்டு இருந்துச்சுன்றதுதான் கணக்கு. உங்க அண்ணனோட 122 ஒரு நாள்ல வந்ததில்ல தம்பி, 20 வயசுல இருந்து ஓடிட்டு இருந்திருக்கும்.

கருவேலம்:
இந்த ஜீன் விஷயம் எனக்குத் தெரியாது டாக்டர். யோசிக்க வைக்குது. மாத்திரை மேல இருக்கிற பயம் இன்னும் போகல, ஆனா சம்பந்தம் இல்லன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

தூரத்துமணி:
எல்லாம் ஜீன்தான்னு ஆயிடுச்சே அப்ப. நம்ம வம்சத்துல எழுதி வச்சிருக்கு, என்ன பண்ணினாலும் வரத்தான் போகுது. எங்க தாத்தா 52, அப்பா 49. எனக்கு 41. சத்தியமா சொல்றேன், ஒவ்வொரு பிறந்தநாளும் பயமாத்தான் இருக்கு.

எண்ணும்எழுத்தும்:
மணி, உங்க பயம் புரியுது, ஆனா இனம்னா ஜீன் மட்டும்தான்னு முடிவு கட்டிடாதீங்க. ஜப்பான்காரங்கள வச்சே ஒரு அழகான ஆய்வு இருக்கு, நி-ஹான்-சான்னு பேரு, நிப்பான், ஹொனலுலு, சான்ஃபிரான்சிஸ்கோ மூணையும் ஒட்டி வச்ச பேரு. ஒரே இனம், மூணு இடம். ஜப்பான்லயே இருந்த ஆம்பளைங்க, ஹவாய்க்குப் போய்க் குடியேறினவங்க, கலிஃபோர்னியாவுக்குப் போனவங்க. கொலஸ்ட்ரால் ஜப்பான்ல கம்மி, ஹவாய்ல நடுத்தரம், கலிஃபோர்னியாவுல கூடுதல். இதய நோயும் அதே வரிசையில படி ஏறிச்சு. கப்பல்ல போகும்போது ஜீனா மாறிச்சு? வாழ்க்கை மாறிச்சு. மாறினா ஏறும்னா, மாத்தினா இறங்கவும் செய்யும்.

கறுப்பின மக்கள் கதைய எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல இருக்கிற கரீபிய வம்சாவளிக்காரங்களுக்கு ஹெச்டிஎல் கூடுதல், ட்ரைகிளிசரைட் கம்மி, இதய அடைப்பும் வெள்ளைக்காரங்கள விட கம்மி, ஆனா பிபியும் ஸ்ட்ரோக்கும் அதிகம். அமெரிக்காவுல அதே ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்க இதய நோயால சாகறது வெள்ளைக்காரங்கள விட அதிகம். ரத்தம் மட்டும்தான் காரணம்னா ரெண்டு இடத்துலயும் ஒண்ணாத்தானே இருக்கணும்? வறுமை, வைத்தியம் கிடைக்காம போறது, குடியிருக்கிற இடம், வேலை, ஓயாத மன அழுத்தம் இதெல்லாம் சேர்ந்துதான் இனம்ங்கிற அந்த ஒத்த வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதனாலதான் 2013ல அமெரிக்காவுல வந்த கால்குலேட்டர்ல வெள்ளை, கறுப்புன்னு பெட்டி இருந்துச்சு, 2023ல ப்ரிவென்ட்னு புதுசா கொண்டு வந்தப்ப இனத்தையே எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல இருக்கிற க்யூரிஸ்க் கால்குலேட்டர் இன்னமும் இனத்த கேட்குது, அதுவும் தெற்காசியர்னு மொத்தமா இல்ல, இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர்னு தனித்தனியா. எது சரின்னு நிபுணர்களுக்குள்ளயே வாதம் போயிட்டிருக்கு. என் கருத்து, பெட்டி இருக்கலாம், ஆனா பெட்டில டிக் அடிச்சதும் யோசிக்கறத நிறுத்திடக் கூடாது.

நாடித்துடிப்பு:
ஒத்துக்கறேன். 2018 அமெரிக்க வழிகாட்டுதல்ல தெற்காசிய வம்சாவளிய "ஆபத்த கூட்டுற காரணி"ன்னு சேர்த்தாங்க. நோயே அதுதான்னு அர்த்தம் இல்ல. மாத்திரை குடுக்கலாமா வேண்டாமான்னு ரெண்டுங்கெட்டானா நிக்கும்போது தராசுல வைக்க வேண்டிய ஒரு படிக்கல், அவ்வளவுதான்.

மணி தம்பி, தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அந்த வயசுல வந்துச்சுன்னா நீங்க முதல்ல செய்ய வேண்டியது எல்பி ஸ்மால் ஏ. 1963ல நார்வேல கோரே பெர்க் கண்டுபிடிச்சது. எல்டிஎல் மாதிரியே ஒரு துகள், மேல கூடுதலா ஒரு புரதம் வால் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும். அளவு பெரும்பாலும் பிறப்புலயே முடிவாயிடும், சாப்பாட்டாலயோ நடையாலயோ பெருசா மாறாது, அதனால வாழ்க்கைல ஒரு தடவை எடுத்தா போதும். உலகத்துல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு அதிகமா இருக்கு. இனத்துக்கு இனம் இவ்வளவு மாறுற அளவு வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல, யுகே பயோபேங்க்ல நடுப்புள்ளி சீனர்களுக்கு 16, வெள்ளைக்காரங்களுக்கு 19, தெற்காசியர்களுக்கு 31, கறுப்பினத்தவர்களுக்கு 75 நானோமோல். 125க்கு மேல போனா ஆபத்து கூடுதல்னு எடுத்துக்கறோம். கூடுதலா இருந்தா எழுதி வச்ச விதின்னு அர்த்தம் இல்ல. அத இறக்க முடியலன்னா, இறக்க முடிஞ்ச மத்ததையெல்லாம் இன்னும் கறாரா இறக்கணும், எல்டிஎல்லயும் பிபியயும் சுகரயும்.

குளத்துமேடு:
என் சந்தேகம் எடை பத்தி. சகோ அண்ணன் ஒல்லின்னு சொன்னார். நானும் ஒல்லிதான், உயரத்துக்கு எடை பார்க்கிற பிஎம்ஐ 23. எனக்கும் ட்ரைகிளிசரைட் ஜாஸ்தி, கல்லீரல்ல கொழுப்புன்னு ஸ்கேன்ல வந்துச்சு. எப்படி?

நாடித்துடிப்பு:
2004ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்துச்சு. பக்கத்துல பக்கத்துல ரெண்டு விஞ்ஞானிங்க, புனேல இருந்து யாஜ்னிக், லண்டன்ல இருந்து யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஒரே அளவு. உடம்புக் கொழுப்ப அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசு முள்ளு ஒரே இடத்துல நிக்குது, உள்ள இருக்கிறது வேற. நம்மள்ல நிறைய பேருக்கு தோலுக்கு அடியில கொழுப்பு வைக்கிற கிடங்கு சீக்கிரமா நிறைஞ்சிடும், அதுக்கப்புறம் வர்றது வயித்துக்குள்ளயும் கல்லீரல்லயும் போய்ச் சேரும். கல்லீரல் அதையே ட்ரைகிளிசரைட்டா மூட்டை கட்டி ரத்தத்துல அனுப்பும், ஹெச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள் சின்னதாகும், சுகர் ஏறும். இதெல்லாம் ஒரே சங்கிலி. அதனாலதான் 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23லயே கவனிக்க ஆரம்பிக்கணும், 27.5ல ஆபத்து அதிகம்னு சொல்லிடுச்சு. இடுப்பளவு தெற்காசிய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. டேப் எடுத்து தொப்புள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, மூச்ச சாதாரணமா வெளிய விட்டுட்டு அளந்து பாருங்க. எத்தனை பேருக்கு பேன்ட் சைஸ் தெரியும், வயித்தோட அளவு தெரியாது!

குளத்துமேடு:
இப்பவே அளந்தேன் டாக்டர். 94.

பனிக்காலம்:
எனக்கு ரோசுவாஸ்டாடின்னு கொலஸ்ட்ரால் இறக்குற ஸ்டாடின் வகை மாத்திரை எழுதிக் குடுத்தப்ப டாக்டர் 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சார். வெளிநாட்டுல இருக்கிற என் நண்பனுக்கு எடுத்த எடுப்புல 20. எனக்கு ஏன் கம்மின்னு கேட்டதுக்கு ஆசிய உடம்புன்னு சொன்னார். அது நிஜமா?

நாடித்துடிப்பு:
நிஜம். ஒரே டோஸ் குடுத்தாலும் ஆசிய வம்சாவளிக்காரங்க ரத்தத்துல ரோசுவாஸ்டாடின் அளவு சுமார் ரெண்டு மடங்கு நிக்குதுன்னு பார்த்தாங்க. மருந்த கல்லீரலுக்குள்ள இழுக்கிற, குடல்ல இருந்து வெளிய தள்ளுற ஜீன்ல இருக்கிற வித்தியாசம் அதுக்கு ஒரு காரணம். 2005லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆசியர்களுக்கு 5ல ஆரம்பிக்கலாம்னு லேபிள்ல சேர்த்துச்சு. கம்மில ஆரம்பிக்கிறதுன்னா கம்மியிலயே நின்னுடறது இல்ல, எல்டிஎல் இலக்குக்கு வரலன்னா ஏத்தணும் இல்ல கூட இன்னொரு மாத்திரை சேர்க்கணும். பலன் டோஸ் நம்பர்ல இல்ல, இறங்கின எல்டிஎல்லதான். பெரிய ஆய்வுகள சேர்த்துப் பார்த்ததுல, எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் இறங்கினா அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய பாதிப்பு அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறையுது.

கருவேலம்:
என் பயமே அந்த ஸ்டாடின்தான் டாக்டர். என் மனைவி ரெண்டு மாசம் சாப்பிட்டாங்க, தொடை வலி, நிறுத்திட்டாங்க. அவங்க பொய் சொல்லல.

நாடித்துடிப்பு:
பொய்யே இல்ல ஐயா, வலி உண்மையான வலிதான். எதனால வருதுன்றதுதான் கேள்வி. இங்கிலாந்துல இப்படி வலி வந்து நிறுத்தின 60 பேர எடுத்து சாம்சன்னு ஒரு ஆய்வு, 2020ல வெளியாச்சு. நாலு மாசம் ஸ்டாடின், நாலு மாசம் வெறும் மாவு மாத்திரை, நாலு மாசம் காலி டப்பா, மாத்தி மாத்தி. மாத்திரை இருந்தா அது எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஸ்டாடின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் மாவு மாத்திரையிலயும் வந்துச்சு. முடிவ அவங்ககிட்டயே காட்டினதும் பாதிப் பேரு திரும்ப ஸ்டாடின் ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா நிஜமாவே தசை பாதிக்கிறவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, அதனால மனைவிக்கு தசை பாதிப்ப காட்டுற சிகே, தைராய்டு, வைட்டமின் டி பார்த்துட்டு வேற ஸ்டாடின், கம்மி டோஸ்னு டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க. தானா நிறுத்தறதுதான் ஆபத்து.

மைக்ரோஸ்கோப்:
டாக்டர் சொன்னதோட லேப் பக்கம் ஒரு வார்த்தை. எல்பி ஸ்மால் ஏ எடுக்கும்போது அலகு பாருங்க. சில லேப் மில்லிகிராம்ல குடுக்கும், சிலது நானோமோல்ல. 60ன்னு வந்தா மில்லிகிராம்னா அதிகம், நானோமோல்னா பயப்படற அளவு இல்ல. ஒண்ண ஒண்ணா மாத்த நேரான கணக்கும் கிடையாது, ஏன்னா அந்தப் புரத வால் ஆளுக்கு ஆள் நீளம் வேற. போன வாரம் ஒரு அம்மா ரெண்டு லேப் ரிப்போர்ட்ட கொண்டு வந்து ஒரே வாரத்துல எப்படி இவ்வளவு ஏறிச்சுன்னு அழுதாங்க, ஏறவே இல்ல, அலகு வேற. உக்கார வச்சு தண்ணி குடுத்து, ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு விரல் வச்சுக் காட்டினதும்தான் மூச்சே விட்டாங்க.

ஒத்தையடிப்பாதை:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நீங்க எல்லாரும் எழுதினத பிரிண்ட் எடுத்து டாக்டர்கிட்ட கொண்டு போனேன், அவரும் பொறுமையா படிச்சார். அண்ணனுக்கு எல்பி ஸ்மால் ஏ 168 நானோமோல். எனக்கு 151. தங்கச்சிக்கு 20, அவளுக்கு அது வரல. அப்பா 51ல தூக்கத்துலயே போயிட்டார், அப்ப நான் ஸ்கூல்ல படிச்சேன், வீட்டுல எல்லாரும் நல்ல சாவுன்னு சொன்னாங்க. இந்த நம்பரப் பார்த்ததுக்கு அப்புறம் அந்த ராத்திரி வேற மாதிரி தெரியுது.

அண்ணனுக்கு எல்டிஎல் இப்ப 64. அட்டாக் வந்தவங்களுக்கு 55க்குக் கீழ வேணும்னு டாக்டர் எஸெட்டிமைப்னு இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கார். எனக்கு 38 வயசு, எல்டிஎல் 131, ஹெச்டிஎல் 37, இடுப்பு 92. ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே நம்பர வச்சு எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிருப்பேன். ரோசுவாஸ்டாடின் 5 ஆரம்பிச்சாச்சு, ஆறு வாரத்துல மறுபடி டெஸ்ட்.

டாக்டர், ஒரே ஒரு கேள்வி பாக்கி. அண்ணன் பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 8. அவங்களுக்கும் எடுக்கணுமா? அண்ணி கேட்டுட்டே இருக்காங்க.

நாடித்துடிப்பு:
அப்பா, அண்ணன், நீங்க, மூணு பேர் வரிசையா வர்றதால எடுக்கறது நல்லது. ஒவ்வொரு குழந்தைக்கும் வர்றதுக்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சாதாரண லிப்பிட்டும் எல்பி ஸ்மால் ஏவும் ஒரே ஊசில எடுத்துடலாம். அதிகமா வந்தாலும் இந்த வயசுல அதுக்குன்னு மாத்திரை எதுவும் இல்ல, அத அண்ணிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பயந்துடப் போறாங்க. ஓடி ஆடட்டும், சிகரெட் பக்கம் போகாம வளரட்டும், 20 வயசுல எல்டிஎல்ல மறுபடி பார்க்கலாம். உங்க அண்ணனுக்குக் கிடைக்காத 20 வருஷம் அந்தப் பையன் கையில இருக்கு.

ஒத்தையடிப்பாதை:
சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன் டாக்டர். தூரத்துமணி, நீங்க எடுத்தீங்களா?

தூரத்துமணி:
நாளைக்குக் காலைல போறேன். நம்பர் வந்ததும் இங்கயே போடறேன், அக்கா அலகு பார்த்துச் சொல்லுங்க.